கடன் வாங்கிய பெயரில் ஒரு கிழவன்: குர்னாவின் நாவலை முன்வைத்து

எங்க ஆயாவுக்கு எல்லாம் தெரியும். எந்த மடை எப்போ திறக்கும், எவன் எவ்வளவு கடனில் இருக்கான், எந்த வீட்டு மனுசன் எந்த வீட்டுக்கு ராத்திரியில் போறான், எல்லாம். ஆனால் தாலுகா ஆபீசிலோ போலீஸ் ஸ்டேஷனிலோ போய் நின்றால் அவளுக்கு ஒன்றுமே தெரியாது. "தெரியாதுங்க சாமி", அவ்வளவுதான். எம்.ஏ. தமிழ் படித்துவிட்டு வந்த எனக்கு அது அவமானமாக இருந்தது. ஏன் ஆயா இப்படி ஊமையாட்டம் நிக்கிறன்னு சண்டை போட்டிருக்கிறேன். வாயைத் திறந்தா அத வச்சே நம்மள மாட்டி வுடுவான்டா என்றாள். அதிகாரத்தின் முன்னால் மௌனம் எப்படி வேலை செய்கிறது என்று பிறகு பெரிய பெரிய புத்தகங்களில் வாசித்தேன். ஆயா சொன்னதைத் தாண்டி அதிலும் அதிகமாக எதுவும் இல்லை.

அப்துல்ரசாக் குர்னாவின் 'பை த சீ' (2001) நாவலின் தொடக்கத்தில் ஆயாவைப் பார்த்தேன். இங்கே அவள் அறுபத்தைந்து வயசு ஆண்பிள்ளை, சான்சிபாரிலிருந்து வந்து கேட்விக் விமான நிலையத்தில் நிற்கிறான். பெயர் சாலே ஓமர். பாஸ்போர்ட்டில் இருப்பது வேறு பெயர், ரஜப் ஷாபான். நன்றாக ஆங்கிலம் தெரியும். வெள்ளைக்காரன் காலத்தில் உகாண்டாவின் மக்கரேரே கல்லூரியில் படித்தவன், மெல்வில்லின் 'பார்ட்டில்பி' கதையை வாசித்து மனசில் வைத்திருப்பவன். ஆனால் டிக்கெட் விற்றவன் வாயைத் திறக்காதே என்று சொல்லி அனுப்பியிருக்கிறான். அகதி, தஞ்சம் என்கிற இரண்டு சொற்களுக்கு மேல் கிழவன் எதுவும் பேசுவதில்லை.

எதிரே இருக்கும் குடியேற்ற அதிகாரி கெவின் எடல்மன். இவனுடைய அப்பா அம்மாவே ருமேனியாவிலிருந்து அகதியாக வந்தவர்கள். ஆனால் அவர்கள் ஐரோப்பியர், குடும்பத்துக்குள்ள ஆளுங்க, நீ வேற என்கிறான். இந்த வயசுல எதுக்கய்யா உனக்கு இது, வாலிபப் பசங்க ஆட்டமில்லையா இது என்று புத்தியும் சொல்கிறான். எதிராளிக்குப் புரியாது என்ற நினைப்பில் பேசுகிறான். எல்லாம் புரிந்துகொண்டு கிழவன் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறான். பையில் ஒரு மரப்பெட்டி, அதில் வாசனைக்கட்டை. நம்மிடம் அகில் என்று பெயருள்ள அதே சரக்குதான். கம்போடியாவிலிருந்து அரபு வணிகர் கைமாறி ஆப்பிரிக்கக் கரை வரைக்கும் போனது. ஒரு மனுசன் தன் மொத்த வாழ்க்கையிலிருந்து எடுத்து வந்த ஒரே பொருள். அதிகாரி மோந்து பார்த்துவிட்டுத் தானே எடுத்துக்கொள்கிறான். இதைச் சொல்ல குர்னா குரலை உயர்த்துவதே இல்லை. நாமாக இருந்தால் மூணு பக்கம் கத்தியிருப்போம். எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு.

விமான நிலைய மேசை நம் ஜனங்களுக்குப் புதிதல்ல. 1987 பிப்ரவரியில் ஹீத்ரோவில் ஈழத்துத் தமிழர்களைத் திருப்பி அனுப்பப் பார்த்தபோது, அவர்கள் உடுத்தியிருந்ததைக் களைந்து போட்டு நின்று தடுத்தார்கள். அதே வருசம் பிரிட்டன் சட்டம் போட்டது: சரியான காகிதம் இல்லாத ஆளை ஏற்றி வந்தால் விமானக் கம்பெனி தலைக்கு 1000 பவுண்டு அபராதம் கட்ட வேண்டும். காகிதத்தைச் சரிபார்க்கும் வேலை டிக்கெட் கவுண்டருக்கே போய்விட்டது. ஆகவே காகிதம் வேண்டும், யாருடையதானாலும் சரி. சாலே ஓமர் எடுத்து வந்தது ஒரு செத்த மனுசனின் பிறப்புச் சான்றிதழ். அவனோடு அடுத்தடுத்த தெருவில் வாழ்ந்து, ஜென்மப்பகையில் செத்துப்போன மனுசன்.

நாவலின் உயிர்முடிச்சு இதுதான். கிழவனுக்காகப் பேசும் அகதி அமைப்புப் பெண் மொழிபெயர்க்க ஆள் தேடுகிறாள். லண்டனில் கல்லூரி ஆசிரியராக இருக்கும், கவிதை எழுதும் லத்தீப் மஹ்மூத் கிடைக்கிறான். அவன் அந்தச் செத்துப்போன ரஜப் ஷாபானின் சொந்த மகன். அப்பன் பெயரைத் திருடிக்கொண்டு வந்திருக்கும் கிழவனைப் பார்க்க, கடலோரச் சின்ன ஊருக்கு ரயிலேறி வருகிறான்.

ரெண்டு பேரும் ஒரு சின்ன பிளாட்டில் உட்கார்ந்து பேசுகிறார்கள். பாதி நாவல் இந்தப் பேச்சுதான். அலுப்புத் தட்டுகிறது என்று ஒரு தோழர் பாதியில் வைத்துவிட்டார். எனக்கு அப்படி இல்லை. ஹுசைன் என்ற வெளியூர் வியாபாரி லத்தீப்பின் அப்பாவுக்குக் கடன் கொடுத்து வீட்டை ஈடாக எழுதி வாங்குகிறான். பிறகு அந்தக் காகிதத்தையே சாலே ஓமரிடம் கொடுத்துப் பணம் வாங்கிக்கொண்டு போனவன் திரும்பி வருவதே இல்லை. லத்தீப்பின் அண்ணனும் அவன் பின்னால் போய்விடுகிறான். சாலே ஓமர் காகிதத்தை நீட்டி வீட்டை எடுத்துக்கொள்கிறான். சட்டப்படி சரி. தட்டுமுட்டுச் சாமானும் போகிறது. அதில் கருங்காலியில் செய்த ஒரு சின்ன மேசை, அண்ணனுக்கு ஹுசைன் வாங்கிக் கொடுத்தது. அதையாவது கேட்டு வாங்கி வா என்று அம்மா சின்னப் பையன் லத்தீப்பை அனுப்புகிறாள். கடை வாசலில் போய் நிற்கிறான். இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுகிறான் சாலே ஓமர்.

இத்தனை வருசம் கழித்து, இத்தனை கடல் தாண்டி, இவர்கள் பேசுவது அந்த மேசையைப் பற்றி. வீடு போனதைவிட மேசை போனதுதான் பையனுக்கு உறைத்திருக்கிறது. ஏன் என்று எனக்குத் தெரியும்.

எங்க ஆயாவுக்கு அரைக்காணி நிலம் இருந்தது. ஒரு புரோநோட்டில் கைநாட்டு வைத்ததில் ஊர்த்தெரு வீடு ஒன்றுக்குப் போய்விட்டது. என்ன எழுதியிருந்தது என்று வைத்தவளுக்குத் தெரியாது. நிலத்தைப் பற்றி அவள் அவ்வளவாகப் பேசியதில்லை. நிலத்தோடு சேர்த்து ஓட்டிக்கொண்டு போன கன்றுக்குட்டியைப் பற்றித்தான் சாகும்வரை பேசினாள். அந்த வீட்டுப் பேரன் என்னோடு கல்லூரியில் படித்தவன். இந்தப் புத்தகத்தை என் கையில் கொடுத்ததே அவன்தான். நீ படிக்கணும்டா என்றான்.

எடுத்த எடுப்பில் எனக்குக் கோபம்தான் வந்தது. வீட்டைப் பறித்தவன் நாவல் முழுக்கத் தன் நியாயத்தைப் பேசுகிறான், பறிகொடுத்தவன் மகன் டீயைக் குடித்துக்கொண்டு கேட்க வேண்டும். இதென்ன கதை? நமக்கு இதைத்தானே காலங்காலமாகச் சொல்கிறார்கள், ரெண்டு பக்கமும் கேளுங்கப்பா என்று. நாவலின் மூன்று பகுதியில் முதலும் கடைசியும் சாலே ஓமரின் குரல், நடுவில் ஒன்றுதான் லத்தீப்புடையது. கணக்கே சரியில்லை.

ரெண்டாம் முறை படித்தபோது கோபம் வேறு பக்கம் திரும்பியது. லத்தீப்பின் அம்மாவுக்கு மந்திரி ஒருவரிடம் செல்வாக்கு. அதைக்கொண்டு சாலே ஓமரின் வீட்டைப் பிடுங்கி அவனையும் ஜெயிலுக்கு அனுப்புகிறார்கள். 11 ஆண்டுகள். திரும்பி வந்தால் மனைவி இல்லை, மகள் இல்லை. ஆக யார் யாரைப் பறித்தார்கள்? இந்த ரெண்டு குடும்பமும் கொண்டு கொடுத்த உறவும்கூட. வழக்கு முழுக்க ஒரே வர்க்கத்துக்குள், பங்காளிச் சண்டை. எதிர்பாராத நட்பு என்று விமர்சகர்கள் உருகுவது எனக்கு ஒட்டவில்லை. மேசையை இழந்தவனும் எடுத்தவனும் உட்கார்ந்து பேசுவதில் என்ன ஆச்சரியம்? ரெண்டு பேருக்கும் மேசை இருந்தது. அந்தக் கடையில் சாமான் தூக்கிய நூஹு என்றொரு வேலைக்காரன் வருகிறான். சாலே ஓமரும் நூஹுவும் எதிரெதிரே உட்கார்ந்து ராத்திரி முழுக்கப் பேசியிருந்தால் அதுதான் எதிர்பாராத உறவு. குர்னா அதை எழுதவில்லை.

சான்சிபாரின் கதையை இவ்வளவு தெரிந்தவர் எழுதாதது உறுத்துகிறது. அந்தத் தீவு அடிமைச் சந்தை இருந்த தீவு. சந்தையை மூடியது 1873இல். அது இருந்த இடத்தில் இன்றைக்கு ஆங்கிலிக்கன் கோயில் நிற்கிறது. அடிமைமுறைக்கு இருந்த சட்ட அங்கீகாரம் போனது 1897இல்தான். அப்போதும் நட்டஈடு யாருக்கு? அடிமைகளுக்கு இல்லை, வைத்திருந்தவனுக்கு. கிராம்புத் தோட்டங்களில் யார் கிராம்பு பறித்தார்கள்? 1963 டிசம்பரில் சுதந்திரம், 1964 ஜனவரி 12இல் புரட்சி. சுல்தான் ஓடினான். அரபு மக்களும் இந்திய வம்சாவளியினரும் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். நாவலில் இந்தப் புரட்சி மேலிருந்து வந்து விழுகிற கேடு. கீழே அது எங்கே புகைந்துகொண்டிருந்தது என்று பார்க்க நாவலுக்குக் கண்ணில்லை.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மேடையில் புரட்சி புரட்சி என்று தொண்டை கிழியப் பேசுகிற நான், அந்த ஜெயில் பக்கங்களைப் படிக்கும்போது ராத்திரி தூங்கவில்லை. விடுதலை என்ற பெயரில் பூட்டிய ஜெயிலும் ஜெயில்தான். அதன் வலியை எழுத, உள்ளே இருந்தவன் எந்த வர்க்கமாக இருந்தால் என்ன என்று ஒரு மனசு சொல்கிறது. நூஹு உள்ளே போயிருந்தால் யார் எழுதியிருப்பார்கள் என்று இன்னொரு மனசு கேட்கிறது. இரண்டையும் ஒன்றாக்க என்னால் முடியவில்லை.

இதே குர்னா 1994இல் எழுதிய 'பாரடைஸ்' நாவலில் அப்பன் கடனுக்காக வியாபாரியிடம் அடகு வைக்கப்பட்ட பையன்தான் நாயகன். பண்ணையாள் என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவருக்குத் தெரியாமல் இல்லை. 2021இல் நோபல் பரிசு கொடுத்தபோது காலனியம், அகதி வாழ்க்கை என்றுதான் பேசினார்கள். கடன் என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை. என் வாசிப்பில் இவருடைய எழுத்தின் அடியில் ஓடுவது கடன்தான். காகிதம், கையெழுத்து, ஈடு, வாரிசு. பெயரைக்கூட இங்கே ஒருவன் கடனாகத்தான் வாங்குகிறான், அதுவும் கடன்பட்டுச் செத்தவனிடமிருந்து.

லத்தீப் கிழவனை மன்னிப்பதில்லை, கவனித்தீர்களா? கிழவனும் கேட்பதில்லை. நீ சொல்றது வேற, நான் கேட்டு வளர்ந்தது வேற என்று வைத்துக்கொண்டே அடுத்த முறையும் ரயிலேறி வருகிறான். அந்த இடம் பிடித்தது.

புத்தகம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ரெண்டு தடவை போன் பண்ணிவிட்டான். போய்க் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது, அந்தப் புரோநோட்டு இன்னும் அவங்க வீட்டு பீரோவில் இருக்கான்னு கேட்கணும்.