பெயரோடு ஒரு படம்: கெடா தோட்டப் பெண்களும் கேமராவும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவிலிருந்து கடல் கடந்து போன அஞ்சலட்டைகளில் தமிழ்ப் பெண்ணின் முகம் அடிக்கடி தென்படும். காதிலும் மூக்கிலும் நகையோடு ஸ்டூடியோ திரைக்கு முன் நிற்பாள். அல்லது கத்தியோடு பால்மரத்தடியில் நிற்பாள். கீழே அவள் இனத்தின் பெயர் அச்சாகியிருக்கும், அவள் பெயர் இருக்காது. சிங்கப்பூரின் ஜி. ஆர். லாம்பர்ட் நிறுவனம் இத்தகைய படங்களை விற்றது. 1907இல் ஒளிப்படக்காரர் கிளைன்குரோத் வெளியிட்ட மலாய்த் தீபகற்ப ஆல்பத்தில் தோட்டங்களும் சுரங்கங்களும் ரயில் பாதைகளும் முதலீட்டாளரின் கண்ணுக்கு ஏற்றபடி விரிகின்றன. அந்தக் கண்ணுக்குப் பால் வெட்டும் பெண் தோட்டத்துச் சொத்துகளில் ஒன்று.

கெடா தோட்டங்களின் காட்சி வரலாற்றை எழுத முனைபவர் முதலில் எதிர்கொள்வது இந்தப் பெயரின்மையை. இதைப் படிக்கக் கறுப்பினப் பெண்ணியம் வகுத்துத் தந்த முறையைவிடப் பொருத்தமான ஒன்று எனக்குத் தெரியவில்லை.

1850இல் தென் கரோலினாவில், அகாசிஸ் என்ற விஞ்ஞானியின் இனக் கொள்கைக்குச் சான்று வேண்டி, அடிமைகளாக இருந்தவர்களின் ஆடை களைந்து படம் எடுத்தார்கள். கறுப்பினப் பெண் கலைஞர் கேரி மே வீம்ஸ் 1995-96இல் அதே படங்களைப் பெரிதாக்கி, சிவப்பு நிறமேற்றி, கண்ணாடியில் தன் சொற்களைப் பொறித்துக் காட்சிக்கு வைத்தார். படத்தில் இருப்பவர்களின் வம்சாவளியில் வந்தவர் என்று கூறி டமாரா லேனியர் 2019இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் மீது வழக்குத் தொடுத்தார். 2025இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி அந்தப் படங்கள் பல்கலைக்கழகத்தின் கையை விட்டுப் போயின. எடுத்தவருடையதா, வைத்திருப்பவருடையதா, படத்தில் இருப்பவருடையதா என்ற கேள்வி நூற்றெழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தது. நம் அஞ்சலட்டைகளை நோக்கி இதை இன்னும் யாரும் உரத்துக் கேட்கவில்லை.

இனம், பால், வர்க்கம் ஆகிய ஒடுக்குமுறைகள் ஒன்றோடொன்று பின்னியவை என்று அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணியர்களின் கொம்பாஹி ரிவர் கூட்டமைப்பு 1977இல் அறிக்கை வெளியிட்டது. தோட்டத்துப் பெண் அதை உடம்பால் அறிந்தவள். 1920களின் இறுதியில் முக்கியப் பகுதிகளுக்கு நிர்ணயித்த நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. துரை, கிராணி, கங்காணி, கணவன் என்ற அடுக்கின் அடியில் அவள் இருந்தாள்; சாதியும் லயம்வரை கூடவே வந்தது. அந்த அடுக்குகளுக்கு நடுவே பெண்கள் தமக்கான வழிகளைத் தேடிக்கொண்டதை அருணிமா தத்தா 2021இல் வெளியான நூலில் காட்டுகிறார். காலனிய ஆவணங்களை எதிர்த்திசையில் வாசித்த அந்த உழைப்பு இனிப் படங்களுக்கும் நீள வேண்டும்.

போராட்டப் படங்களும் இந்தக் குறையிலிருந்து தப்பவில்லை. 1943இல் இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவாக அமைந்த ஜான்சி ராணிப் படையின் படங்களில் லட்சுமியையும் ஜானகி தேவரையும் பெயர் சொல்லி அடையாளம் காட்டுகிறோம். பின்வரிசையில் துப்பாக்கியோடு நிற்கும் தோட்டத்துப் பெண்கள் பெரும்பாலும் வெறும் 'படை'. 1947இல் பீடோங் வட்டாரத்தில், ஹார்வர்ட் தோட்டத்து ஏ. எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்துக் கிளம்பியது. கள்ளுக்குப் போகும் கூலிப் பணத்தின் வலியை அடுப்படியில் அனுபவித்தவர்கள் பெண்கள். அவர்களை நோக்கிக் கேமராவைத் திருப்ப வேண்டிய காரணம் அன்றே இருந்தது.

மலாயா அவசரகாலத்தில், 1948இல் தொடங்கிய அடையாள அட்டைப் பதிவு 12 வயது நிரம்பியவர்களைக் கேமரா முன் நிறுத்தியது. தோட்டத்துப் பெண்கள் பலருக்கு அதுவே வாழ்நாளின் முதல் படமாக இருந்திருக்கும். அரசு கேட்டு எடுத்த படம்தான்; ஆனால் அதில் அவள் பெயர் உண்டு. சுங்கை பட்டாணி, கூலிம் ஸ்டூடியோக்களில் விரும்பி எடுத்த கல்யாணப் படமும் பிள்ளையை மடியில் வைத்த படமும் லயத்துச் சுவருக்குப் போயின. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின வீடுகளில் படங்கள் நிறைந்த சுவர்களே மக்களின் சொந்தக் காட்சிக்கூடங்கள் என்று கறுப்பினப் பெண்ணியர் பெல் ஹூக்ஸ் எழுதினார். சாமி படத்துக்குப் பக்கத்தில் பாட்டியின் படம் தொங்கும் நம் சுவர்களும் அப்படிப்பட்டவையே. ஆய்வாளர்கள் முதலில் போக வேண்டிய இடம் அது.

சுங்கை பட்டாணியில் பிறந்த ஐரீன் பெர்னாண்டஸ் 1991இல் தெனகனித்தாவைத் தொடங்கினார். அந்த அமைப்பும் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு ஆசிய பசிபிக் இயக்கமும் 2002இல் வெளியிட்ட ஆய்வு, தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களின் நிலையை வெளிக்கொண்டு வந்தது: மூக்கில் ரத்தம், உதிரும் நகம், எரியும் தோல். மருந்தின் விளைவுகளைத் தொழிலாளரே கவனித்துப் பதிவு செய்யும் பயிற்சியையும் அந்த இயக்கம் பல நாடுகளில் வளர்த்தது. பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 தொடக்கத்தில் மலேசியாவில் முழுமையாகத் தடையானது. ஆவணம் என்ற சொல்லுக்கு நான் தரும் பொருள் இதுதான்: பாதிக்கப்பட்டவள் தானே சாட்சி எழுதுவது.

அமெரிக்காவின் பிராடக் என்ற எஃகு நகரில் லடோயா ரூபி ஃப்ரேசியர் பாட்டியையும் தாயையும் தன்னையும் பல ஆண்டுகள் படம் எடுத்து 2014இல் நூலாக்கினார். கூலிம் தொழிற்பேட்டையில் வேலைக்குப் போகும் பேத்தி, பால் வெட்டிய பாட்டியை அப்படி எடுக்கலாம். எல்லார் கையிலும் கைப்பேசி இருக்கிறது. கோ. புண்ணியவான் போன்ற கெடா எழுத்தாளர்கள் கதையில் செய்ததைப் படத்தில் செய்ய இன்னும் காலம் இருக்கிறது, நீண்ட காலம் அல்ல. பல தோட்டங்கள் துண்டாகி, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போய்விட்டன. லயத்திலிருந்து அடுக்குமாடிக்குக் குடிபெயரும் குடும்பம் முதலில் கைவிடுவது சட்டம் உடைந்த பழைய படங்களை.

பீடோங் பக்கம் செமிலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே ஓர் அறை ஒதுக்கி, வீடு வீடாகப் போய்ப் படங்களை நகலெடுத்து, அசலை வீட்டாரிடமே திருப்பித் தரலாம். ஒவ்வொரு படத்தின் பின்னும் பெண்ணின் பெயர், தோட்டம், நிரை, அவள் செய்த வேலை ஆகியவற்றை அவள் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். எந்தப் படத்தை வெளியே காட்டக் கூடாது என்று அவள் சொல்கிறாளோ, அது பெட்டியிலேயே இருக்கட்டும்.