நெல்லையின் பதினெட்டு பைட்டுகள்

வலைத்தளம் நடத்த உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸின் 2.2 பதிப்பு 2007 மே மாதம் வெளியானது; அது, தரவுத்தளத்தோடு எந்தக் குறிமுறையில் பேசுவது என்பதை அமைப்புக் கோப்பில் ஒரு வரியாக எழுதிவைக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தது. எழுத்தை எண்ணாக்கிச் சேமிக்கும் விதியே குறிமுறை எனப்படுவது. முன்பே ஓடிக்கொண்டிருந்த தளங்களில் அந்த ஒரு வரி சேர்ந்தபோது, ஆங்கிலம் அல்லாத மொழிகளின் பக்கங்கள் பல இடங்களில் படிக்கவொண்ணாத குறிக்குவியலாயின. உள்ளே இருந்தவை யூனிகோடுக்குரிய யூடிஎஃப்-8 முறையில் அமைந்த எண்களே ஆயினும், அவற்றைத் தாங்கிய அட்டவணையின் மேல் மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான 'லத்தீன்-1' என்ற குறிமுறையின் பெயரே பொறிக்கப்பட்டிருந்தது. எழுதும்போதும் படிக்கும்போதும் அதே பிழை நிகழ்ந்ததால் இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்து வந்தன. புதுப்பித்தலுக்குப் பின் ஒரு தரப்பு மட்டும் உண்மை பேசத் தொடங்கியதே கோளாறுக்குக் காரணம். இத்தகைய பழுதைத் தீர்ப்பது வெறும் வேலையாகவே கருதப்படுகிறது. ஏடு பார்த்துப் பதிப்பிக்கும் கலைக்கு உரிய ரசனையோடு அதை அணுகுவதே பொருத்தம்.

'நெல்லை' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். கண்ணுக்கு மூன்றெழுத்தாகத் தெரியும் இச்சொல், யூனிகோடில் ந, எகரக்குறி, ல, புள்ளி, ல, ஐகாரக்குறி என ஆறு உறுப்புகளாகப் பிரிகிறது. ஒவ்வோர் உறுப்பும் 3 பைட் இடம் கொள்வதால் மொத்தம் 18 பைட். லத்தீன்-1 என்று எண்ணிப் படிக்கும் கணினி பைட்டுக்கு ஓர் எழுத்து வீதம் காட்ட முற்படுவதால், ஒவ்வொரு மும்மையும் தலையில் சாய்கோடு தாங்கிய ஆங்கில 'ஏ' எழுத்தில் தொடங்குகிறது. அடுத்து வருவது, உயிர்மெய்யின் முதல் உருவான ந, ல ஆகியவற்றுக்கு வட்டத்துக்குள் அடைபட்ட 'ஆர்'; மற்ற மூன்று குறிகளுக்கும் ஒரு மேற்கோடு. வட்டம், கோடு, வட்டம், கோடு என்று மாறி மாறி வரும் அந்த நடையைக் கண்டதுமே சிதைந்து கிடப்பது தமிழ் என்று தேர்ந்தவர் சொல்லிவிடுவார். பொதிகைக்கு அப்பாலுள்ள மலையாளமாக இருந்தால் அந்த வட்ட 'ஆர்' அவ்விடத்தில் வாராது. இவ்வாறு குப்பையாகத் தெரிவது நல்ல சகுனம், ஏனெனில் பைட்டுகள் அனைத்தும் உள்ளே இருக்கின்றன. வரிவரியாகக் கேள்விக்குறிகள் தெரிந்தால் கதை வேறு: சேமித்த வேளையிலேயே மூலம் அழிந்திருக்கலாம், அப்படியாயின் பழைய படியைத் தேடிப்போவதைத் தவிர வழியில்லை.

கைதேர்ந்தவரின் நயம் முழுவதும் அடுத்த படியில்தான் வெளிப்படுகிறது. தரவுத்தளத்துக்கு ஒரு படி எடுத்து வைத்தபின், அட்டவணையை யூடிஎஃப்-8 ஆக மாற்றுக என்று நேரே ஆணையிடுவது அவசரக்காரர் வழி. மை எஸ்க்யூஎல் என்னும் தரவுத்தள மென்பொருளோ, அந்தச் சாய்கோட்டு 'ஏ'க்களை மெய்யான எழுத்துகளாகவே நம்பி அவற்றை மறுபடி குறியேற்றிப் பழுதை இரட்டிப்பாக்கிவிடும். நுட்பம் அறிந்தவர், அட்டவணையின் பத்தியை முதலில் 'பைனரி' வகையாக்குகிறார். மொழிப்பெயர் எதுவும் ஒட்டாத வெறும் பைட்டுகளின் வகை அது. பின்னர் அதையே யூடிஎஃப்-8 என அறிவிக்கிறார். இரண்டே ஆணைகள், பெயர்ச்சீட்டு மட்டும் கழன்று வேறொன்று ஏறுகிறதே தவிர, உள்ளிருந்த 18 பைட்டில் ஒன்றுகூட அசைவதில்லை. ஒன்றையும் தொடாமல் எல்லாவற்றையும் மீட்கும் இந்தச் சிக்கனத்துக்கு ஈடான அழகு கணினித் தொழிலில் குறைவு.

மை எஸ்க்யூஎல் 'லத்தீன்-1' என்று அழைப்பது உண்மையில் விண்டோஸின் மேற்கத்தியக் குறிமுறையே; அதில் ஐந்து பைட் மதிப்புகளுக்கு எழுத்தே இல்லை. தமிழ்ப் புள்ளியின் கடைசி பைட்டும், உகரக்குறியின் கடைசி பைட்டும், ஏ, ஐ என்னும் தமிழ் உயிரெழுத்துகளின் கடைசி பைட்டுகளும் அந்த ஐந்தில் அடங்குபவை. மை எஸ்க்யூஎல் இவற்றைப் பத்திரமாகவே வைத்திருக்கிறது என்றாலும், இடையில் கவனமற்ற வேறொரு மென்பொருள் புகுந்தால் புள்ளி உதிர்ந்துபோகும். புள்ளியற்ற தமிழ் தாமிரபரணிக் கரைக்குப் புதிதன்று. ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தாமலும் எகர ஏகார வேறுபாடு காட்டாமலும் எழுதுவதே வழக்கமாக இருந்தது. பத்துப்பாட்டின் ஏடு தேடித் திருநெல்வேலிக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் வந்த உ.வே.சாமிநாதையர், 1889-இல் அந்நூலை அச்சேற்றும் முன், மெய் எது, உயிர்மெய் எது என்பதை இடம் நோக்கியே துணிய வேண்டியிருந்தது. தளத்தில் உதிர்ந்த புள்ளிகளை மீட்பவருக்கும் அதே தமிழறிவு தேவைப்படும். நிரல் அறிவு மட்டும் போதாது.

மை எஸ்க்யூஎல் 'யூடிஎஃப்-8' என்று பெயரிட்டிருந்த பழைய வகை ஓர் உறுப்புக்கு 3 பைட் வரையே இடம் தந்தது. 2015 ஏப்ரலில் வந்த வேர்ட்பிரஸ் 4.2, 4 பைட் கொள்ளும் வகைக்கு மாறியது; அன்றாடத் தமிழுக்கு அதனால் இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஆனால் 2019-இல் வெளிவந்த யூனிகோடு 12.0, முந்திரி முதலான பின்னங்களையும் உழக்கு, குறுணி, பதக்கு போன்ற முகத்தலளவைக் குறிகளையும் 4 பைட் தேவைப்படும் பகுதியில் சேர்த்தது. நெல் என்னும் தானியத்தைக் குறிக்கக் கணக்குச் சுவடிகளில் வழங்கிய குறியும் அவற்றுள் ஒன்று. திருநெல்வேலியின் பெயருக்குள்ளேயே இருக்கும் அந்த நெல்லின் குறி, மாற்றப்படாத பழைய அட்டவணைகளில் இன்றும் ஏறாது.