பெர்க்லி அறையில் மால்குடி

1956ஆம் ஆண்டின் இறுதியில், ஐம்பது வயது நிறைந்த ஆர்.கே.நாராயண் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில், டெலிகிராஃப் அவென்யூவிலிருந்த கார்ல்டன் ஹோட்டலில் அறை எடுத்துத் தங்கினார். ராக்பெல்லர் அறக்கட்டளையின் அழைப்பில் அமெரிக்கா வந்தவர் அவர். ஊர் சுற்றியதைவிட அந்த அறையில் அவர் உட்கார்ந்திருந்ததுதான் நமக்குக் கிடைத்த லாபம். புரசைவாக்கத்தில் பாட்டியிடம் வளர்ந்த சைவச் சாப்பாட்டுக்காரருக்கு காஃபிடீரியாவின் கேரட்டும் தக்காளியும் வெகு சீக்கிரம் அலுத்துவிட்டன. ஒரு மின்சார அடுப்பும் அரிசியும் காய்கறியும் வாங்கி வந்து தாமே சமைக்கத் தொடங்கினார். சோற்றுக் கவலை தீர்ந்ததும் எழுத்து ஓடியது: நாளொன்றுக்கு 1,500 முதல் 2,000 சொற்கள். அப்படிப் பிறந்ததுதான் 'தி கைடு'.

கதையின் விதை மைசூரில் விழுந்தது. ஒரு வறட்சிக் காலத்தில் மழை வேண்டி, காவிரியில் முழங்கால் நீரில் நின்று சிலர் பதினொரு நாள் ஜபம் செய்ததும் பிறகு மழை பெய்ததும் அவர் மனத்தில் தங்கிவிட்டன. அந்த ஆற்றங்கரையைத் தம் கற்பனை ஊரான மால்குடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்து எழுதி முடிக்க அவருக்கு ஒரு பெர்க்லி அறை தேவைப்பட்டது. அந்தப் பயணத்தைப் பற்றி அவர் எழுதிய 'மை டேட்லெஸ் டைரி'யில் பெரிய மனிதர்களைச் சந்தித்த பக்கங்கள் சுவாரஸ்யமானவை. எனக்குப் பிடித்தவை, சொல்ல விசேஷமில்லை, வழக்கம்போல எழுதினேன் என்ற பொருளில் கடந்துபோகும் பக்கங்கள். கதை முழுவதும் மனத்தில் தயாராக இருந்தும், மழைக்காக உண்ணாவிரதம் இருக்கும் நாயகன் ராஜு பிழைப்பானா சாவானா என்பது மட்டும் முடிவாகவில்லை. ஆங்கில எழுத்தாளர் கிரஹாம் கிரீன் அவன் சாக வேண்டும் என்ற கட்சி. 1958இல் நாவல் வெளிவந்தபோதும், 1960இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றபோதும், இன்றும் அந்தக் கடைசிப் பக்கத்தில் வாசகர்கள் இரண்டுபட்டு நிற்கிறார்கள். முடிவு தெரியாமலே ஒருவர் தினமும் உட்கார்ந்து எழுதியதால் விளைந்த அழகு இது என்று நம்புகிறேன்.

பெர்க்லியிலிருந்து தெற்கே ஒரு மணி நேரக் கார்ப் பயணத்தில் லாஸ் கேட்டோஸ். இன்று கூப்பர்டினோ, சான் ஹோசே தமிழர்கள் வார இறுதியில் நடைபோக வரும் மலையடிவாரம். அங்கேதான் ஜான் ஸ்டைன்பெக் 1938 மே இறுதியில் தொடங்கி அக்டோபர் 26 அன்று 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவலை முடித்தார். ஒரு பேரேட்டில் பேனாவால் பொடிப்பொடியாக எழுதுவார். மனைவி கேரல் தட்டச்சு செய்வார். நாவலுக்குத் தலைப்பு தந்ததும் அவர்தான். ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன் நாட்குறிப்பில் சில வரிகள் எழுதிக் கையைப் பழக்கிக்கொள்வது ஸ்டைன்பெக்கின் வழக்கம். 1989இல் 'ஒர்க்கிங் டேஸ்' என்ற பெயரில் அது நூலாயிற்று. பக்கத்து வீட்டுச் சத்தம், வந்து போகும் விருந்தாளிகள், தான் எழுத்தாளனே இல்லையோ என்ற பயம் எல்லாம் அதில் உண்டு. பயத்தை எழுதிவிட்டு அதற்கடுத்து அன்றைய பங்கை எழுதப் போகிறார். கதை எழுத ஆசைப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடநூல் எனக்குத் தெரியாது.

நாராயணுக்கும் ஸ்டைன்பெக்குக்கும் பகல் முழுவதும் சொந்தமாக இருந்தது, எங்களுக்கு அலுவலகமும் பிள்ளைகளும் இருக்கிறார்களே என்று கேட்கலாம். நாவலாசிரியை டோனி மாரிசனுக்கும் இருந்தார்கள். ரேண்டம் ஹவுஸ் பதிப்பகத்தில் வேலை, தனியாக வளர்க்க இரண்டு மகன்கள். விடியுமுன் எழுந்து காபி போட்டுக்கொண்டு, வெளிச்சம் வருவதைப் பார்த்தபடி எழுதத் தொடங்குவார். பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பழக்கம், 1989இல் நியூ ஜெர்சியின் பிரின்ஸ்டனுக்குப் பேராசிரியராக வந்த பிறகும் நீடித்தது. டெக்சஸில் நாவலாசிரியர் லாரி மெக்மர்ட்ரி ஆரம்ப காலத்தில் நாளைக்கு ஐந்து பக்கம், பிறகு பத்துப் பக்கம் என்று தட்டச்சு செய்தார்.

அசோகமித்திரன் கதை வேறு வகை. சென்னை தி.நகரில் நடேசன் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து எழுதியவர், 1973இல் அயோவா பல்கலைக்கழகத்தின் சர்வதேச எழுத்தாளர் திட்டத்துக்கு வந்தார். அறை, உதவித்தொகை, வேண்டிய மட்டும் நேரம். அந்த அனுபவம் 'ஒற்றன்!' ஆயிற்று. தன் நாவலைப் பெரிய வரைபடமாகப் போட்டு வைத்திருக்கும் பெரு நாட்டு எழுத்தாளர் ஒருவர் அதில் வருகிறார். அவரைப் பார்க்கும் கதைசொல்லியின் வியப்பில் ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியின் கருவியைப் பார்க்கும் ஆவல் இருக்கிறது. தமிழில் புனைவெழுத்தின் தொழில்முறையை இவ்வளவு பக்கத்தில் நின்று காட்டிய நாவல்கள் சொற்பம்.

இந்த மரபுக்கெல்லாம் நடுவே குடியிருக்கும் அமெரிக்கத் தமிழர்களாகிய நாம் என்ன எழுதுகிறோம்? சிறுகதைகள் வருகின்றன. சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியிலிருந்து 2000 டிசம்பரில் தொடங்கிய 'தென்றல்' மாத இதழும், 2009 முதல் இணையத்தில் வரும் 'சொல்வனம்' இதழும் அவற்றுக்கு இடம் தந்திருக்கின்றன. ஆனால் பொங்கல் மலருக்கு ஒன்று, வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவை விழா மலருக்கு ஒன்று என்று யாராவது கேட்டால் எழுதும் கதைகளே மிகுதி. அவற்றில் ஊர் நினைவு ததும்புகிறது. இந்த மண்ணின் அன்றாடம் மேலோட்டமாகவே நிற்கிறது. நாவல் அபூர்வம். திறமைக் குறைவு காரணமில்லை. தினமும் பாத்திரங்களோடு வாழ்ந்தால் மட்டுமே தெரியவரும் விஷயங்கள் சில உண்டு: ஒருத்தி கோபத்தில் என்ன சொல்வாள், எதைச் சொல்லாமல் விழுங்குவாள் என்பதெல்லாம் எழுபதாவது நாளில்தான் பிடிபடுகிறது. எழுதுவதன் ஆனந்தமும் அங்கேதான் இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை எழுதுபவர் அந்த ருசியை அறியாமலே போகிறார், அதுதான் எனக்கு வருத்தம்.

தமிழுக்கு இந்த ஒழுங்கு புதிதல்ல. கல்கி 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் 'பொன்னியின் செல்வன்' எழுதினார். ஜெயமோகன் 2014 ஜனவரி 1 முதல் 2020 ஜூலை வரை 'வெண்முரசு' வரிசையை நாள்தோறும் தம் இணையதளத்தில் வெளியிட்டு 26 நாவல்களாக நிறைவு செய்தார். நியூ ஜெர்சியிலும் டெக்சஸிலும் அதைத் தினமும் தொடர்ந்து படித்தவர்கள் இருக்கிறார்கள். நாள்தோறும் படிக்க முடிந்தவர்களில் சிலருக்காவது நாள்தோறும் எழுதவும் முடியும்.

எனவே இங்குள்ள இதழ்கள் ஓர் ஆண்டுத் தொடர்கதைக்குப் பக்கம் ஒதுக்க வேண்டும்: மாதம் ஓர் அத்தியாயம், தவணை தவறக் கூடாது. பொருளுக்குப் பஞ்சமில்லை. மகளுக்குப் பிரசவம் பார்க்க வந்து ஆறு மாதம் ஜன்னலோரம் கழிக்கும் அம்மா இருக்கிறார். கிரீன் கார்டு வரிசையில் நின்றபடியே நடுவயதைத் தாண்டிய தம்பதி இருக்கிறார்கள். பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயில், லிவர்மோர் சிவா-விஷ்ணு கோயில், பேர்லாந்து மீனாட்சி கோயில் ஆகிய மூன்றிலும் மடப்பள்ளிகள் இருக்கின்றன. சனிக்கிழமை புளியோதரை கிண்டும் கைகளுக்குப் பின்னால் எத்தனை ஊர்கள், எத்தனை விசாக்கள்! அவற்றில் ஒரு மடப்பள்ளியை வைத்து நானூறு பக்கம் எழுதும் அளவுக்கு ஆட்களும் சண்டைகளும் சமாதானங்களும் இப்போதே அங்கே இருக்கின்றன.