ரூஃபினாவின் கல்

இஸ்மீர் என்று இன்று அழைக்கப்படும் துருக்கி நகரத்தின் பழைய பெயர் ஸ்மிர்னா. அங்கே கிடைத்த கிரேக்கக் கல்வெட்டு ஒன்று கி.பி. 2 அல்லது 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. யூதரும் ஜெப ஆலயத் தலைவருமான ரூஃபினா, தான் விடுதலை செய்த அடிமைகளுக்கும் தன் வீட்டிலேயே வளர்ந்த அடிமைகளுக்கும் இந்தக் கல்லறையைக் கட்டினார் என்கிறது அது. வேறு யாரையாவது இங்கே புதைத்தால் கருவூலத்துக்கு 1,500 தினாரியும் யூத சமூகத்துக்கு 1,000 தினாரியும் அபராதம். கல்வெட்டின் நகல் பொது ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது என்றும் சொல்கிறது. கணவர் பெயர் எங்கும் இல்லை.

தமிழ் பைபிளில் யவீரு என்ற ஆணுக்கு உள்ள அதே பதவிதான் இது. யவீருவின் பதவியை யாரும் சந்தேகித்ததில்லை. ரூஃபினாவுக்கு வந்ததும் அது கௌரவப் பட்டமாகிவிட்டது. கணவர் வழியாக வந்திருக்கும் என்று அறிஞர்கள் நெடுங்காலம் எழுதினார்கள். கல்லில் இல்லாத கணவரை அடிக்குறிப்பில் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள்! 1982இல் பெர்னடெட் புரூட்டன் இத்தகைய 19 கல்வெட்டுகளை ஒன்றுசேர்த்து, பெண்களின் பட்டங்களையும் பதவிகளாகவே வாசிக்க வேண்டும் என்று வாதிட்டார். அவற்றில் கிரீட் தீவின் சோஃபியாவும் உண்டு. அவர் கல் அவரை மூப்பர் என்றும் கிஸ்ஸாமோஸ் ஊர் ஜெப ஆலயத் தலைவி என்றும் இரண்டு பதவிகளால் குறிக்கிறது.

தலைவியா, தலைவரா? மொழிபெயர்க்கும்போது எனக்கு இது சிக்கல். தலைவி என்றதும் என் மாணவிகளுக்கு முல்லையில் காத்திருப்பவள்தான் நினைவுக்கு வருகிறாள். சோஃபியாவின் கிரேக்கச் சொல்லுக்குப் பெண்பால் விகுதி இருக்கிறது. ரூஃபினாவுடையது ஆண்களுக்கு எழுதும் அதே வடிவம். ஆகவே ரூஃபினா எனக்குத் தலைவர்.

சின்னங்களும் இதையே சொல்கின்றன. ரோம் நகரின் யூத நிலவறைக் கல்லறைகளில் ஏழு கிளை விளக்கு, ஆண் பெண் இருவர் பெயருக்கும் அருகில் செதுக்கப்பட்டிருக்கிறது. அது எருசலேம் கோயிலின் விளக்கு. பல நூற்றாண்டுகள் கழித்துக் கிழக்கு ஐரோப்பாவில் பெண்களின் கல்லுக்கென்று ஒரு சின்னம் வழக்கமானது: வெள்ளி மாலையில் அவர்கள் வீட்டில் ஏற்றிய ஓய்வுநாள் மெழுகுவத்திகள். கோயில் விளக்கு வீட்டு விளக்கான கதையை யாராவது விரிவாக எழுத வேண்டும்.

ரூஃபினாவைக் கொண்டாடும் நம் கட்டுரைகள் பெரும்பாலும் அந்தப் பட்டத்தோடு நின்றுவிடுகின்றன. எனக்கு அடுத்த வரிதான் உறுத்துகிறது. கல்லறை அடிமைகளுக்காகக் கட்டியது. அபராதத் தொகை கடைசிக் காசு வரை எழுதப்பட்டிருக்கிறது. அங்கே படுத்திருக்கும் ஒருவருடைய பெயரும் எழுதப்படவில்லை.