உழுத மாடு தின்னும் வைக்கோல்: மலையமான் பாடல்களை மறுபடி வாசித்தல்

1

திருக்கோவிலூர் பக்கம் யாரிடமாவது மலையமான் திருமுடிக்காரியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். முதலில் வருகிற சொல் 'வள்ளல்'. நாம் பள்ளிக்கூடத்தில் படித்ததும் அதுதான். மயிலுக்குப் போர்வை தந்த பேகன், முல்லைக்குத் தேர் தந்த பாரி, ஔவைக்கு நெல்லிக்கனி தந்த அதியமான் என்று ஓடும் வரிசையில், குதிரையும் நல்ல வார்த்தையும் தந்தவன் காரி. சிறுபாணாற்றுப்படை போட்ட பட்டியல் இது. ஒரு மதிப்பெண் கேள்விக்கு ரொம்ப வசதியான பட்டியல்.

அந்த ஏழு பேரையும் வகுப்பு குரூப் போட்டோ மாதிரி தோளோடு தோள் நிற்பதாகத்தான் நாம் மனசில் வைத்திருக்கிறோம். ஆனால் அந்தப் போட்டோவில் காரி நிற்கிறான், அவன் கொன்ற ஓரியும் நிற்கிறான். காரியின் ஊரான கோவலூரை, அதாவது இன்றைய திருக்கோவிலூரை, அடித்து நொறுக்கிய அதியமானும் நிற்கிறான். அந்த வெற்றியைப் பரணர் பாடியதாக ஔவையார் புறநானூறு 99-இல் சொல்கிறார். ஓரியைக் கொன்ற காரி, ஓரியின் கொல்லிமலையைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் சேரர்களுக்குக் கொடுத்தான் என்கிறது அகநானூறு 209.

ஏன் கொடுத்தான்? வள்ளல் என்பதாலா? இரவலனுக்குத் தேர் கொடுப்பதும் சேரனுக்கு ஒரு மலையையே கொடுப்பதும் ஒரே வகைக் கொடை அல்ல. இரண்டாவது, ராணுவக் கூட்டணியில் நடந்த ஒரு பரிமாற்றம். 'வள்ளல்' என்கிற சொல் அதை மூடிவிடுகிறது. மலையமான் குடியைப் பற்றிய புறப்பாடல்களை வள்ளல் புகழாக மட்டும் படித்தால் பாதிதான் கிடைக்கும். பெரிய அரசுகளுக்கு நடுவில் ஒரு சின்ன அரசு எப்படி நட்பு நாடாக இருந்து பிழைத்தது, அதற்கு என்ன விலை கொடுத்தது என்பது மீதிப் பாதி. அதைத்தான் இங்கே படித்துப் பார்க்கப் போகிறேன்.

2

வரைபடத்தை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். தென்பெண்ணைக் கரையில் கோவலூர். தெற்கே காவிரிக்கரையில் சோழர். மேற்கே கொல்லிமலையும், அதையும் தாண்டிச் சேரரின் கொங்குப் பக்கமும். வடமேற்கே அதியமானின் தகடூர். வடக்கே தொண்டை நாடு. இந்தப் பகுதிக்குப் பின்னாளில் வந்த பெயரே 'நடுநாடு'. நடுவில் இருப்பவனுக்கு ஒதுங்கி இருக்கிற வசதி கிடையாது. யார் யாரை அடிக்கப் போனாலும் அவன் வாசல் வழியாகத்தான் போகவேண்டும்.

அப்படிப்பட்டவனுக்கு இரண்டு வழிகள் இருந்தன. மூவேந்தருக்கும் பணியாமல் நின்று பறம்பை இழந்தான் பாரி. காரியின் வழி வேறு. தன் படையை வேந்தர்களில் ஒருவர் பக்கம் சேர்த்தான். காலம் மாறும்போது அவன் குடி இன்னொருவர் பக்கம் சேர்ந்தது. இதில் எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், இந்த இரண்டு பேரையும் பாடியவர் ஒரே ஆள், கபிலர். முடியாது என்றவனையும் முறைவைத்து ஒப்புக்கொண்டவனையும் அவர் ஒரே மரியாதையோடு பாடுகிறார்.

புறநானூறு 122-இல் கபிலர் போடுகிற கணக்கு இது. காரி, உன் நாட்டைக் கடலும் கொள்ளாது, பகைவரும் எடுக்க நினைக்கமாட்டார்கள். ஆனால் அது வேள்வித்தீ வளர்க்கும் அந்தணருடையது. மூன்று வேந்தரில் ஒருவன் தனக்குத் துணையாக வரச்சொல்லி ஆள் அனுப்புகிறான். அவர்கள் உன்னைப் புகழ்ந்து கொண்டுவந்து தருகிற பொருள் இரவலருடையது. மனைவியின் தோளைத் தவிர உனக்கென்று எதுவும் இல்லை. ஆனாலும் நீ பெருமிதத்தோடு இருக்கிறாய்.

இந்தப் பாட்டைக் கொடைப்பாட்டு என்று சொல்லிவிட்டுக் கடந்து போகிறோம். ஆனால் அது ஒரு சின்ன நாட்டின் வரவு செலவும்கூட. வரவு எங்கிருந்து? போர் உதவி கேட்டு வேந்தர்கள் அனுப்பும் பொருளிலிருந்து. இங்கே புலவர் பயன்படுத்தும் சொல் 'துப்பு'. துணை, வலிமை என்று பொருள். 'அவனுக்குத் துப்பில்லை' என்று நாம் இன்றும் திட்டுகிறோமே, அதே சொல். மலையமானின் ஏற்றுமதிப் பொருள் துப்பு. அதை விற்று வாழ்கிறான் என்று அப்பட்டமாகச் சொன்னால் இழுக்கு. வந்ததையெல்லாம் இரவலருக்கு வாரிவிட்டு, கூலி வாங்கிய கறை படாமல் பெருமிதத்தோடு நிற்கிறான். கொடை அவனுடைய குணமாக இருக்கலாம். அதோடு, தான் எவனுடைய கூலிப்படையும் இல்லை என்று உலகத்துக்குச் சொல்கிற வழியாகவும் அது இருந்தது என்றே நான் வாசிக்கிறேன்.

(மனைவியின் தோள் ஆணின் சொத்துக் கணக்கில் கடைசி உருப்படியாக வருவதை இன்று படிக்கிறவர் கவனிக்காமல் போக முடியாது. இந்தக் குடியின் ஒரு பெண்ணைப் பற்றிக் கடைசியில் பேசவேண்டியிருக்கிறது, அப்போது இது ஞாபகத்தில் இருக்கட்டும்.)

3

இந்தப் பாடல்களில் எனக்கு மிகவும் பிடித்தது 125. பாடியவர் வடமவண்ணக்கன் பெருஞ்சாத்தனார். சேரமான் மாந்தரஞ்சேரல் இரும்பொறைக்கும் சோழன் இராசசூயம் வேட்ட பெருநற்கிள்ளிக்கும் போர் நடந்தது, அதில் சோழனுக்குத் துப்பாக நின்றவன் தேர்வண் மலையன் என்று பாட்டின் அடிக்குறிப்பு சொல்கிறது. கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்த அதே குடி, இங்கே சேரனுக்கு எதிரே நிற்கிறது.

போர் முடிந்துவிட்டது. மலையன் குடித்து மகிழ்ந்திருக்கிறான். சுட்ட இறைச்சி, நூற்கும் பெண் வைத்திருக்கும் பஞ்சுபோல் அவ்வளவு மென்மையாக இருக்கிறது. புலவர் இரண்டு பேர் சொல்வதை அவனிடம் சொல்கிறார். ஜெயித்தவன் சொல்கிறான்: 'எனக்கு ஜெயிச்சுக் கொடுத்தவன் இவன்தான்.' தோற்றவன் சொல்கிறான்: 'இந்த மலையன் மட்டும் ஓடிவந்து தாங்கலைன்னா நமக்கு இது லேசான சண்டை. நம்மைத் தோற்கடிச்சவன் இவன்தான்.' இரண்டு தரப்பும் ஒரே ஆளைக் கை காட்டுகிறது. புகழ்ச்சியில் இதற்கு மேல் போக முடியாது.

ஆனால் இதே வாக்கியங்களைச் சோழனின் காதில் வைத்துக் கேட்டுப் பாருங்கள். உன் வெற்றி உன்னுடையது இல்லை என்று நீயே ஒப்புக்கொள்கிறாய், எதிரியும் அதையே சொல்கிறான். அடுத்த முறை இவன் அந்தப் பக்கம் போய்விட்டால்? மென்பொருள் துறையில் இருக்கிறவர்களுக்கு இது புதிதல்ல. ராத்திரி இரண்டு மணிக்குச் சர்வர் படுத்துவிட்டால் அதை எழுப்பத் தெரிந்த ஒரே ஆள் ஒருவர் இருப்பார். அவரைப் பாராட்டும் மெயிலும், 'இவர் போய்ட்டா என்ன பண்றது, மாற்று ஏற்பாடு பண்ணுங்க' என்கிற மெயிலும் ஒரே வாரத்தில் போகும். இன்றியமையாதவன் என்ற பெயர் நன்றியையும் பயத்தையும் சேர்த்தே கொண்டுவரும்.

இந்தப் பாட்டின் நடுவில் ஒரு உவமை இருக்கிறது. உழுத எருது வைக்கோல் தின்பதுபோல நீ விரும்பிக் குடிக்கும் கள் உனக்கு அமிழ்தாகட்டும் என்கிறார் புலவர். பொதுவாக இதைக் கொடைக்கு உவமையாகப் படிப்பார்கள்: எல்லாவற்றையும் பிறருக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தை உண்பவன். சரிதான். ஆனால் இந்த இடத்தில், இந்தப் போருக்குப் பிறகு, உழுதது யார் நிலத்தில்? நெல் யார் வீட்டுக்குப் போனது? ஜெயித்தவன் பெயர் இராசசூயம் வேட்டவனாக நிலைத்தது. உழுதவனுக்குக் கள்ளும் ஒரு பாட்டும். பெருஞ்சாத்தனார் இதைக் குத்தலாகச் சொல்லவில்லை, வாழ்த்தாகத்தான் சொல்கிறார். வாழ்த்துக்குள்ளேயே நிலவரமும் வந்து உட்கார்ந்துவிட்டது.

4

இது சங்க காலத்து விசித்திரம் இல்லை. நம் காலத்தில் மனக்கசப்போடு நீடிக்கிற நட்பு நாடுகளுக்கு உதாரணம் கேட்டால் எல்லோரும் சொல்வது அமெரிக்காவையும் பாகிஸ்தானையும்தான். 1954-இல் ராணுவ உதவி ஒப்பந்தம். 1980-களில் ஆப்கானிஸ்தானில் சோவியத் படைக்கு எதிரான போர் பாகிஸ்தான் வாசல் வழியாகத்தான் நடந்தது. 1989 பிப்ரவரியில் சோவியத் படை வெளியேறியது. 1990 அக்டோபரில் அணு ஆயுதத் திட்டத்தைக் காரணம் காட்டி, பிரெஸ்லர் சட்டத் திருத்தத்தின்படி அமெரிக்கா உதவியை நிறுத்தியது. பாகிஸ்தான் பணம் கட்டியிருந்த எஃப்-16 விமானங்கள்கூட வந்து சேரவில்லை. வெற்றிக்கும் உதவி நிறுத்தத்துக்கும் நடுவில் இரண்டு வருஷம்கூட இல்லை. 2001-க்குப் பிறகு மறுபடி தேவைப்பட்டது. 2004-இல் 'நேட்டோவில் இல்லாத முக்கியக் கூட்டாளி' என்ற பட்டம் வந்தது. 2011 மே மாதம் அபோட்டாபாத்தில் பின் லேடனைக் கொல்ல அமெரிக்கப் படை இறங்கியபோது அந்த முக்கியக் கூட்டாளியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இதில் யார் யாரை ஏமாற்றினார்கள் என்பது தனிப் பஞ்சாயத்து, இரண்டு பக்கமும் நியாயமான புகார்ப் பட்டியல் இருக்கிறது. நான் கவனிப்பது அதன் வடிவத்தை. தேவைப்படும்போது பட்டம். வேலை முடிந்ததும் சந்தேகம். அடுத்த தேவைக்கு மறுபடி பட்டம்.

பட்டம் என்றதும் மலையமான் குடியில் இன்னொரு பெயர் ஞாபகம் வருகிறது: மலையமான் சோழிய ஏனாதி திருக்கண்ணன். ஏனாதி என்பது வேந்தர்கள் படைத்தலைவர்களுக்குக் கொடுத்த பட்டம். அதற்கு முன்னால் 'சோழிய' வேறு. மலையமான் என்ற குடிப்பெயரின் பக்கத்திலேயே சோழனின் முத்திரை உட்கார்ந்திருக்கிறது.

5

அந்தத் திருக்கண்ணனை மாறோக்கத்து நப்பசலையார் பாடியது புறநானூறு 174. சோழ வளவன் அரசிழந்து, போக வழி அரிதான முள்ளூர் மலையுச்சியில் இருக்கிறான். முள்ளூர் மலையமான்களின் மலை. அவுணர் ஒளித்த சூரியனை மையின் நிறம் கொண்ட கடவுள் மீட்டுவந்து வானத்தில் நிறுத்தியதுபோல, சோழனின் வெண்கொற்றக்குடையை மறுபடி நிறுத்தியது இந்தக் குடி என்கிறார் நப்பசலையார். சோழ அரசே ஒருகாலத்தில் மலையமான் வீட்டில் அடைக்கலமாக இருந்த கதை இது.

இப்போது 46-ஆம் பாட்டு. சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இடப்போகிறான். கோவூர் கிழார் குறுக்கே வந்து பாடுகிறார். நீ புறாவின் துன்பத்தையும் தீர்த்தவன் மரபில் வந்தவன். இவர்கள் புலவர்களின் வறுமை கண்டு அஞ்சித் தம் உணவைப் பகிர்ந்துண்பவர்களின் மரபு. இந்தக் குழந்தைகளைப் பார், யானையைப் பார்த்ததும் அழுகையை மறந்துவிட்டார்கள்; கூடியிருக்கும் கூட்டத்தைப் பார்த்துத்தான் மிரளுகிறார்கள். சொல்லிவிட்டேன், இனி உன் விருப்பம்.

மலையமான் என்ன தப்பு செய்தான் என்று பாட்டு சொல்லவில்லை. அடைக்கலம் முன்னாடியா, யானை முன்னாடியா என்றும் இந்தப் பாடல்கள் சொல்லவில்லை. எந்த வரிசையில் வைத்தாலும் கதை கொடூரமாகத்தான் இருக்கிறது. அடைக்கலம் முன்னால் என்றால், குடையை நிறுத்திக் கொடுத்த குடியின் பிள்ளைகளையே சோழர் குடி யானைக்குப் போட நினைத்தது. யானை முன்னால் என்றால், பிள்ளைகளைக் கொல்லப் பார்த்த அரசின் குடையைத்தான் அந்தக் குடி மறுபடி நிறுத்த வேண்டியிருந்தது. நடுநாட்டுக்காரனுக்குக் கோபித்துக்கொண்டு போக வேறு தேசம் இல்லை.

கோவூர் கிழார் எதை வாதமாக வைக்கவில்லை என்பதையும் கவனிக்கவேண்டும். மலையமான் குடி உனக்குச் செய்த உதவி என்று அவர் பேச்சே எடுக்கவில்லை. பெரிய அரசிடம் பழைய கடனை ஞாபகப்படுத்தினால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதனால் சோழனின் முன்னோர் பெருமையைச் சொல்கிறார், குழந்தைகளின் கண்ணைக் காட்டுகிறார், ஒதுங்கிக்கொள்கிறார். பிள்ளைகள் பிழைத்தார்கள் என்கிறது அடிக்குறிப்பு. ஒப்பந்தம் எழுதும் வழக்கம் இல்லாத காலத்தில், இரண்டு அரசுகளுக்கு நடுவே தூதரகமாக இருந்தவர் சாப்பாட்டுக்கு ஊர் ஊராகப் போன ஒரு புலவர்.

6

இந்தப் பாடல்களிடம் எனக்கு ஒரு குறையும் உண்டு. 125-இல் ஓடிவந்து போரைத் தாங்கியவன் மலையன் என்று ஒருமையில் வருகிறது. அவன் தனியாக ஓடிவரவில்லை. சோழனின் வெற்றிக்காக மலைநாட்டிலிருந்து இறங்கிப்போய்ச் செத்தவர்களுக்கு அந்தப் பாட்டில் இடமில்லை. வேந்தனுக்கு உழுதவன் மலையன் என்றால், மலையனுக்கு உழுதவர்கள் யார்? அவர்களுக்கு வைக்கோலாவது கிடைத்ததா? உதவிக்குப் போன நாட்டின் தலைவன் புகழ் பாட்டில் ஏறுகிறது, உதவிக்குப் போன சிப்பாய் கணக்கில் ஏறுவதில்லை. இன்றைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இன்னொருத்தியும் இருக்கிறாள். திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று ராஜராஜனின் தாய் வானவன் மாதேவியைப் பற்றிப் பேசுகிறது. அவள் மலையமான் குலத்துப் பெண். சோழப் புலியைப் பெற்ற பொன்மான் என்று அவளைப் புகழ்கிறது. கணவன் சுந்தர சோழன் இறந்தபோது பால்குடிக்கும் குழந்தையைப் பிரிந்து தீக்குள் போனாள் என்கிறது. அதே கல்வெட்டுதான், கபிலர் பாரியின் மகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டுப் பெண்ணையாற்றில் தீப்புகுந்த கதையையும் சொல்கிறது. சங்க காலத்தில் துப்பாக, அதாவது படையாகப் போன உதவி, பத்தாம் நூற்றாண்டில் பெண்ணாகப் போயிருக்கிறது. 122-ஆம் பாட்டில் சொத்துக் கணக்கின் கடைசி உருப்படியாக இருந்தவள், இங்கே இரண்டு குடிகளின் உறவுக்கே சாட்சியாகிறாள். அவள் என்ன நினைத்தாள் என்பது மட்டும் கல்லில் இல்லை.

உ.வே.சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்ததால் இந்தப் பாடல்கள் நம் கைக்கு வந்தன. பாட்டு எண்ணின் வரிசையில் படிக்கும்போது மலையமான் குடி அங்கங்கே சிதறிக் கிடக்கும். நீங்கள் 122, 125, 174 என்று படித்துவிட்டு 46-ஐக் கடைசியில் வைத்துப் பாருங்கள். ஒரு மணி நேரம்கூட ஆகாது. பிறகு திருக்கோவிலூர் போனால், தென்பெண்ணையின் நடுவே கபிலர் குன்று என்று சொல்லப்படும் பாறை நிற்பதையும் பாருங்கள். காரியை வள்ளல் என்று அழைப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. அந்தச் சொல்லுக்குப் பின்னால், யானையைப் பார்த்து அழுகையை மறந்த அந்தப் பிள்ளைகளும் நிற்கிறார்கள் என்பதை மறக்காமல் அழைக்கலாம்.