அந்திம ஸ்ம்ருதியும் அகால மரணமும்

புதுவையின் கடலோர ஊராகிய வைத்திக்குப்பத்தில் மாசி மகத்தன்று பல ஊர் உத்ஸவ மூர்த்திகள் எழுந்தருளித் தீர்த்தவாரி கண்டருள்வது ப்ரஸித்தம். அக்கரை உள்ளிட்ட சோழமண்டலக் கடற்கரையில்தான் 2004 டிசம்பர் 26 அன்று காலை ஆழிப்பேரலை எழுந்து ஆயிரக்கணக்கானோரை மாய்த்தது. அவ்வாறு மாண்டவர்களையும், மீன்பிடிக்கச் சென்று மீளாதவர்களையும் குறித்து, “இது துர்மரணம், கடைசியில் திருநாமம் சொல்ல வாய்க்கவில்லை, நற்கதி ஏது?” என்பாருண்டு. இக்கூற்று பூர்வாசார்யர்களின் திருவுள்ளத்துக்கு ஒக்குமா என்பது ஆராயத்தக்கது.

இவ்வாறு கூறுவோர் கீதையின் எட்டாம் அத்யாயத்தை ஆதாரமாகக் கொள்வர். சரீரத்தை விடும்போது எதை நினைக்கிறானோ அதையே அடைகிறான் என்று அங்கே சொல்லப்பட்டது உண்மையே. ஆனால் அந்தக் கடைசி நினைவு வாழ்நாள் முழுதும் பழகிய நினைவின் பலனாகவே எழுகிறது என்பது எம்பெருமானாருடைய கீதாபாஷ்யத்தின் கருத்து. ஆகையால்தான் அடுத்த ச்லோகம் ‘எல்லாக் காலத்திலும் நினை’ என்று விதிக்கிறது. முன்பின் பார்க்காமல் ஒரு ச்லோகத்தைத் தனியே பிரித்தெடுத்ததால் வந்த கலக்கமே மேற்கூறிய கூற்று.

வராஹ சரம ச்லோகம் இன்னும் தெளிவானது. மனமும் உடலும் நன்னிலையில் இருக்கும்போது ஒருவன் எம்பெருமானை நினைத்தால் போதும்; அவன் கட்டைபோலவும் கல்போலவும் கிடக்கும் வேளையில் எம்பெருமான்தானே அவனை நினைத்துப் பரமகதிக்கு அழைத்துச் செல்வதாகப் பூமிப்பிராட்டிக்கு வாக்களிக்கிறான். இங்கே நினைக்கும் பொறுப்பு ஜீவனிடமிருந்து ஈச்வரனுக்கு மாறுகிறது. இதற்கென்றே ஸ்வாமி தேசிகன் ரஹஸ்யசிகாமணியை அருளிச்செய்தார். பெரியாழ்வாரும் இறுதியில் இளைத்தபோது நினைக்கமாட்டேன் என்று அஞ்சி, அதற்காக இப்போதே சொல்லிவைத்ததாகத் திருவரங்கனிடம் ஒரு பதிகம் முழுதும் விண்ணப்பிக்கிறார். அப்பதிகத்தை மரண பயத்தின் வெளிப்பாடாக மட்டும் படிப்பது போதாது. நினைவிழந்த வேளையில் காக்க வேண்டியவன் அவனே என்ற துணிவே அதன் உயிர்நிலை.

காலத்தைப் பற்றிய ஐயத்தையும் ப்ரஹ்மஸூத்ரத்தின் நான்காம் அத்யாயம் களைகிறது. இரவிலோ தக்ஷிணாயனத்திலோ மரித்தாலும் ப்ரஹ்மவித்துக்குப் பலன் தடைப்படாது. பீஷ்மர் உத்தராயணத்துக்குக் காத்திருந்தது அவ்வழியின் சிறப்பை உலகுக்கு அறிவிக்கவே என்பது ஸ்ரீபாஷ்யத்தின் ஸமாதானம். காலமே தடையாகாதபோது, அலையும் ஆயுதமும் தடையாவது எங்ஙனம்? ராவணன் வாளால் சிறகறுந்து வீழ்ந்த ஜடாயுவுக்குப் பெருமாள் தாமே ஸம்ஸ்காரம் செய்து உத்தம லோகங்களை அளித்தாரன்றோ!

துர்மரணத்துக்கு நாராயணபலி முதலியவற்றைத் தர்மசாஸ்த்ரம் விதித்திருக்கிறதே எனலாம். அது இருப்பவர் செய்யவேண்டிய கடமையைச் சொல்வது. இறந்தவருடைய பக்தியை அளந்து கதியைத் தீர்ப்பது அதன் வேலையன்று. வாக்களிக்கப்பட்டது பக்தனுக்கே என்பதும் மறக்கத்தக்கதன்று. ஆயினும் யார் எப்போது எம்பெருமானை நினைத்தார் என்பதை அவனே அறிவான்; மரித்த விதத்தைக் கண்டு மற்றவர் ஊகிக்க இயலாது.

இவ்விஷயம் கடற்கரைக்கு மட்டும் உரியதன்று. சுவாசக் கருவியோடு பல நாள் நினைவற்றுக் கிடப்பவர், முதுமையில் பெற்ற மக்களையே மறந்தவர், சாலை விபத்தில் நொடியில் மாய்ந்தவர் ஆகிய அனைவர் இல்லத்திலும் இக்கேள்வி எழுகிறது. செவியில் திருநாமம் ஓதுவது நல்ல கைங்கர்யமே. அதற்கு வாய்ப்பில்லாமற் போனதைக் குறையாகச் சொல்லித் துக்கித்திருப்பவரை மேலும் வருத்துவது தகாது. அவர்களுக்குச் சொல்லவேண்டியது வராஹப் பெருமானுடைய வாக்கே. உயிரோடிருப்பவர் செய்யத்தக்கது, நினைவு தெளிவாயிருக்கும் இன்றே நினைப்பது.