நீதிநூலும் நம் ஆன்ம சோதனையும்

தவக்காலம் நெருங்கும்போதெல்லாம் பங்கு அலுவலகத்து மேசைமீது சிறு கையேடுகள் வந்து குவிகின்றன. சிலுவைப்பாதைச் செபங்கள், நோன்புச் சிந்தனைகள், ஒப்புரவு அருட்சாதனத்துக்கான ஆன்ம சோதனைக் கேள்விகள் என அவை பல வகை. தாம்பரம் பகுதியில் பங்குப் பணியாற்றும் நாம், கடந்த சில ஆண்டுகளில் நம் கைக்கு வந்த ஆன்ம சோதனைக் கையேடுகளைச் சேர்த்து வைத்து, அண்மையில் ஒருசேர வாசித்தோம். அவற்றையும் ஓர் இலக்கிய வகையாகக் கொண்டு மதிப்பிட வேண்டும் என்னும் எண்ணம் அப்போது எழுந்தது. செபப் புத்தகத்தைத் திறனாய்வதா என்று வாசகர் வியக்கலாம். கதையும் கவிதையும் பிழைபட்டால் ஒரு மாலைப்பொழுது வீணாகும். மனச்சான்றுக்கு வழிகாட்டும் நூல் பிழைபட்டால் ஒரு வாழ்வே திசைமாறும். ஆகவே இவ்வகை நூல்களுக்கே கூர்மையான திறனாய்வு தேவை என்பது நம் கருத்து.

அக்கையேடுகளின் கேள்விகளை வாசகர் நன்கறிவர். காலை மாலைச் செபம் சொல்லத் தவறினேனா? ஞாயிறு திருப்பலியை விட்டேனா? கோபம் கொண்டேனா? தீய எண்ணங்களுக்கு இடம் கொடுத்தேனா? இவை யாவும் கேட்கத் தகுந்தவையே. ஆயினும், இவற்றுக்கு விடை சொல்பவர் யார், எந்த ஊரில் வாழ்பவர், என்ன தொழில் செய்து பிழைப்பவர் என்பதற்கு இக்கேள்விகளில் ஓர் அடையாளமும் இல்லை. தாம்பரத்திலிருந்து கடற்கரை நிலையம் வரை மின்தொடர் வண்டியில் நின்றபடியே செல்லும் எழுத்தர், முடிச்சூரில் மனை விற்பவர், குரோம்பேட்டையில் கடை வைத்திருப்பவர், மறைமலைநகர்த் தொழிற்சாலையில் இரவுப்பணி முடித்துத் திரும்புபவர் ஆகிய இவர்களுள் ஒருவர் முகமேனும் அக்கேள்விகளில் தென்படவில்லை. துறவு மடத்தில் வாழும் ஒருவருக்காக எழுதப்பட்டவற்றை இல்லறத்தார் கையில் கொடுத்துவிட்டோமோ என்னும் ஐயம் நமக்கு எழுந்தது.

யோர்தான் கரையில் திருமுழுக்கு யோவான் அவ்வாறு பேசவில்லை. லூக்கா நற்செய்தியின் மூன்றாம் அதிகாரத்தை எண்ணிப் பாருங்கள். நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று மக்கள் கேட்டனர். இரண்டு அங்கி உடையவர் இல்லாதவரோடு பகிரட்டும் என்றார். வரிதண்டுவோர் கேட்டனர், விதிக்கப்பட்ட தொகைக்குமேல் வாங்காதீர்கள் என்றார். படைவீரர் கேட்டனர், மிரட்டிப் பணம் பறிக்காதீர்கள், உங்கள் ஊதியமே போதும் என்றிருங்கள் என்றார். ஒவ்வொருவர் தொழிலுக்கும் ஒரு விடை கிடைத்தது. மனமாற்றம் என்னும் பெரிய சொல் அங்கே அங்கியாகவும் வரியாகவும் ஊதியமாகவும் சிறு சிறு சொற்களில் இறங்கி வந்தது.

தமிழ்த் திருச்சபைக்கும் இம்மரபு புதிதன்று. அண்டிரிக் அடிகளார் என நாம் அழைக்கும் ஹென்றீக்கே ஹென்றீக்கஸ் என்னும் இயேசு சபைத் துறவி 1578-இல் கொல்லத்தில் அச்சிட்ட தம்பிரான் வணக்கத்தை நாம் அடிக்கடி பெருமையோடு நினைவுகூர்கிறோம். அவர் 1580-இல் கொச்சியில் அச்சிட்ட கொம்பெசியொனாயரு என்னும் நூலை அந்த அளவுக்கு நினைவுகூர்வதில்லை. அது பாவசங்கீர்த்தனத்துக்கு மக்களை ஆயத்தப்படுத்தும் கையேடு. தமிழில் அச்சேறிய முதல் நூல்களுள் ஒன்று மனிதர் தம் மனச்சான்றைச் சோதிப்பதற்காக எழுந்தது என்பது சிந்திக்கத்தக்க செய்தி. முத்துக்குளித்துறை மக்களின் பேச்சைப் பல ஆண்டுகள் அவர்களிடையே வாழ்ந்து கற்ற பின்னரே அடிகளார் அதனை எழுதத் துணிந்தார்.

ஆயினும் நாம் இங்கே விரிவாகப் பேச விரும்புவது குரு ஒருவர் எழுதிய நூலைப் பற்றியன்று, பொதுநிலையினர் ஒருவர் எழுதிய நூலைப் பற்றி. மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை 1859-இல் வெளியிட்ட நீதிநூலே அது.

முன்சீப்பின் கண்

வேதநாயகம் பிள்ளையைத் தமிழின் முதல் புதினமான பிரதாப முதலியார் சரித்திரத்தின் ஆசிரியராக நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கின்றனர். அவர் திருச்சிக்கு அருகிலுள்ள குளத்தூரில் பிறந்த கத்தோலிக்கர் என்பதும், தரங்கம்பாடியிலும் சீர்காழியிலும் மாயூரத்திலும் முன்சீப்பாக இருந்து வழக்குகளைத் தீர்த்தவர் என்பதும் பலருக்கு நினைவில் நிற்பதில்லை. மேல்நீதிமன்றத் தீர்ப்புகள் எளிய மக்களுக்கும் விளங்க வேண்டும் எனக் கருதி, அவற்றைச் சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரில் தமிழில் தந்தவரும் அவரே.

அத்தகையவர் எழுதிய நீதிநூல் கடவுளில் தொடங்குகிறது. பின்னர் அரசர், குடிமக்கள், பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தார், கணவன் மனைவி என ஒவ்வோர் உறவின் வாசலிலும் நின்று கேள்வி கேட்கிறது. பொய், களவு, புறங்கூறல், சோம்பல், பேராசை எனக் குற்றங்களைத் தனித்தனியே எடுத்துக் காட்டுகிறது. கைக்கூலிக்கெனத் தனி அதிகாரமே வகுக்கிறது. கைக்கூலி என்பது நாம் இன்று இலஞ்சம் என்பதே. அக்கொடுமை உலாவிய நீதிமன்ற வளாகத்தினுள் நாள்தோறும் அமர்ந்திருந்தவர் அதைக் கண்டித்து எழுதினார் என்பதே அவ்வதிகாரத்துக்கு வலிமை சேர்க்கிறது. பெண்களுக்குக் கல்வி மறுப்பதையும் அவர் நீதியின் கண்கொண்டு பார்த்தார். கல்வி மறுத்தல் ஒரு குறை என்றுகூட ஊரார் எண்ணாத காலம் அது.

ஆன்ம சோதனை நூலாக இதனை வாசித்தால் இதன் சிறப்பு விளங்கும். இந்நூல் பாவத்தை மனத்தின் இருட்டறையில் மட்டும் தேடுவதில்லை. அது நிகழும் இடத்திலேயே, கச்சேரியிலும் கடையிலும் அடுப்படியிலும் தேடுகிறது. பொய் சொன்னேனா என்று பொதுவாகக் கேட்டால், ஏதோ சிறு பொய் சொல்லியிருப்பேன் என்று பொதுவாகவே விடை வரும். கையொப்பமிட நீட்டிய தாளின் கீழ் வேறு எது நீட்டப்பட்டது என்று கேட்டால் விடையைப் பொதுவில் ஒளிக்க இயலாது.

குறையும் உண்டு

நூலின் குறையையும் சொல்வதே நேர்மை. நீதிநூலில் ஓங்கி ஒலிப்பது தீர்ப்பளிப்பவரின் குரல். குற்றம் கூண்டில் நிற்கிறது, சான்றுகள் உவமைகளாக வரிசையில் வருகின்றன, தீர்ப்பு சொல்லப்படுகிறது. ஊதாரி மகனைத் தொலைவில் கண்டதும் ஓடிச்சென்று தழுவிய தந்தையின் குரல் அதில் அடங்கியே ஒலிக்கிறது. எல்லாச் சமயத்தாரும் ஏற்கும் வண்ணம் பொதுநூலாக அமைக்கக் கருதியதால், கிறிஸ்துவின் பெயரை முன்னிறுத்தாமல் பொதுவான இறைப்பெயர்களாலேயே அவர் பாடினார். இளங்குருவாக இருந்தபோது இதனாலேயே அந்நூலை நம் அலமாரியின் கடைசித் தட்டில் வைத்திருந்தோம். நல்ல நூல், ஆயினும் நம் நூலன்று என்று எண்ணினோம்.

அவ்வெண்ணம் பிழை. அதே மனிதர் தேவமாதா அந்தாதியும் திருவருள் மாலையும் பாடினார். அங்கே முன்சீப் இல்லை. அன்னையின் முன்னும் ஆண்டவர் முன்னும் வெறுங்கையோடு நிற்கும் அடியவர் இருக்கிறார். ஒரு நூலில் நீதி, இன்னொரு நூலில் இரக்கம். ஒன்று ஊருக்கு, மற்றொன்று கோவிலுக்கு. இவ்வாறு நூல்கள் இரண்டாகப் பிரிந்ததைத் தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியத்தின் குறைபாடாகவே நாம் காண்கிறோம். செபிப்பவரும் சம்பாதிப்பவரும் ஒரே ஆள் என்பதை ஒரே நூலில் வைத்துக் காட்டும் வாய்ப்பு அதனால் கைநழுவியது.

எனினும் நூலைப் பிரித்தவர் தம் வாழ்வைப் பிரிக்கவில்லை. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தில், பணி ஓய்வு பெற்றிருந்த அவர் தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தோர்க்கு உணவளித்தார். நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் போற்றிப் பாடும் அளவுக்கு அவ்வீகை ஊரறிந்ததாயிற்று. நீதிநூலும் திருவருள் மாலையும் அந்தக் கஞ்சித் தொட்டியருகே ஒன்றாயின.

நாம் எழுதிய கையேடு

பிறர் நூல்களைக் குறைகூறும் நாம் நம் நூலையும் கூண்டில் ஏற்ற வேண்டும். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு தவக்காலத்தில், நாமும் ஆன்ம சோதனைக் கையேடு ஒன்று எழுதி அச்சிட்டோம். அறுபது கேள்விகள், பத்துக் கட்டளைகளின் வரிசையில் அமைந்தவை, எழுதி முடித்தபோது மனநிறைவும் கொண்டோம். அச்சுக்கட்டைப் பிரித்துத் தாள்களை மடித்துக் கொடுத்தவர் அப்பங்கின் கோயில்பிள்ளை. விடியற்காலை மணியடிப்பது முதல் இரவில் கதவடைப்பது வரை கோவிலுக்கே உழைத்தவர். மடித்துக்கொண்டே ஒரு பிரதியை முழுவதும் வாசித்த அவர், மெல்லக் கேட்டார்: “எல்லாக் கேள்வியும் இருக்கு சாமி. கூலியைப் பத்தித்தான் ஒண்ணும் இல்லீங்க.”

அவர் குத்திக்காட்டிப் பேசுபவர் அல்லர். வாசித்தார், தோன்றியதைக் கேட்டார், அவ்வளவே. ஆனால் அவருடைய சம்பளத்தை நான்கு ஆண்டுகளாக நாம் உயர்த்தவில்லை என்பது அந்நேரத்தில்தான் நம் நினைவுக்கு வந்தது. அந்நான்கு ஆண்டுகளில் நாமும் தவறாது பாவசங்கீர்த்தனம் செய்தவரே. செபத்தில் பராக்கு, பிறர்மேல் பொறுமையின்மை என்று நாம் சொன்ன பட்டியலில் அக்கூலி ஒருநாளும் இடம்பெறவில்லை. மறைத்ததால் விடுபடவில்லை, கண்ணில் படாததால் விடுபட்டது. கண்ணில் படாதபடி காத்தது நம் பட்டியலே. அடுத்த மாதம் சம்பளத்தை உயர்த்தினோம். கையேட்டைத் திருத்தாமலே விட்டோம். அதன் பொருட்டே இக்கட்டுரை.

திருச்சபை இதில் நமக்கு முன்னே சென்றிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட இன்றைய உலகில் திருச்சபை என்னும் ஏடு, அறிக்கையிடும் நம்பிக்கைக்கும் அன்றாட வாழ்வுக்கும் இடையிலான பிளவை நம் காலத்தின் கொடிய பிழைகளுள் ஒன்றாக எண்ணுகிறது. 1973-இல் வெளிவந்த புதிய ஒப்புரவுச் சடங்குமுறையின் பின்னிணைப்பில் உள்ள ஆன்ம சோதனை, வேலையாட்களுக்கு நியாயக் கூலி கொடுத்தேனா, ஒப்பந்தங்களைக் காத்தேனா என்றும் கேட்கிறது. நம் கையேடுகள்தாம் அப்பக்கத்தைத் தாண்டிச் சென்றன.

நம் புறநகருக்கு ஒரு நீதிநூல்

அப்படியானால் தாம்பரத்துக்கு எழுதப்படும் ஆன்ம சோதனை எப்படி இருக்க வேண்டும்? பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்டவற்றைக் கொண்டு இதனை நாம் சொல்லவில்லை. அங்கே கேட்டவை அங்கேயே கடவுளிடம் சேர்ந்துவிட்டன. தெருவில் நடக்கும் எவரும் காண்பவற்றைக் கொண்டே சொல்கிறோம்.

வாடகைக்கு விடும் வீட்டுக்காரர் தம்மையே கேட்கட்டும்: குடியிருந்தவர் காலி செய்தபோது முன்பணத்தில் வெள்ளையடிக்க என்று பிடித்தது நியாயமான தொகையா? வீடு கேட்டு வந்தவரிடம் முதலில் கேட்டது பெயரையா, சாதியையா? மனை விற்பவர் கேட்கட்டும்: நீர் நிற்கும் தாழ்நிலம் என்பதை வாங்குபவருக்குச் சொன்னேனா? 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் புகுந்தபோது நாம் படகுகளுக்காகச் செபித்தோம். ஏரியும் கால்வாயும் மனைகளாக மாறியபோது செய்ய வேண்டிய ஆன்ம சோதனையை எவரும் செய்யவில்லை.

இல்லத்தரசியும் இல்லத்தரசரும் கேட்கட்டும்: வீட்டுவேலை செய்யும் பெண் காய்ச்சலில் கிடந்த நாள்களுக்குச் சம்பளத்தைப் பிடித்தேனா? அவருக்கெனத் தனிக் குவளை வைத்திருக்கிறேனா? மேஸ்திரி கேட்கட்டும்: விடியலில் சந்திப்பில் நின்று வேலைக்கு வந்த சித்தாளுக்கும், மொழி தெரியாத வடமாநிலத் தொழிலாளிக்கும் பேசிய கூலியை அன்றே கொடுத்தேனா? பெற்றோர் கேட்கட்டும்: மகன் திருமணத்தில் வரதட்சணை இல்லை என்று சொல்லிவிட்டு, அன்பளிப்பு என்று எதை வாங்கினேன்? குருக்களாகிய நாமும் கேட்போம்: திருவிழாக் கணக்கை மக்கள் முன் வாசித்தேனா? என்னிடம் பணியாற்றுபவர் தம் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் அளவுக்கு ஊதியம் பெறுகிறாரா?

இக்கேள்விகளோடு நின்றுவிட்டால் நாமும் முன்சீப் ஆகிவிடுவோம். நீதிநூலின் குறை நம் குறையும் ஆகும். சக்கேயுவின் வீட்டில் கணக்கு கேட்கப்படுமுன் விருந்து நடந்தது. ஆண்டவர் அவரைப் பெயர்சொல்லி அழைத்து, அவர் வீட்டில் தங்க வந்தார். அந்த அன்பு தொட்ட பின்னரே நான்மடங்காகத் திருப்பித் தருவதாக அவர் வாய் திறந்தது. ஆகவே ஆன்ம சோதனைக்கு முன் செபம் வேண்டும்: குற்றத்தைக் காண அஞ்சாத துணிவை, என்னை அன்பு செய்பவர் முன்னிலையில் நிற்கிறேன் என்னும் உறுதியிலிருந்து பெறும் செபம். பின்னர்ப் பாவ அறிக்கை. அதன்பின் பரிகாரம். அதுவும் மூன்று அருள்நிறைந்த மரியே மந்திரத்தோடு முடிந்துவிட வேண்டுமா? பிடித்த முன்பணம் திரும்ப வேண்டும். நிறுத்திய கூலி வீடு சேர வேண்டும்.

இவ்வாண்டு நம் பங்கில் அச்சிட்ட கையேடு வழங்கப்படாது. அதற்குப் பதில் ஒரு வெற்றுத்தாள் தருவோம். அதன் தலைப்பில் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்னும் யோர்தான் கரைக் கேள்வி மட்டும் இருக்கும். கீழே ஒவ்வொருவரும் தம் தொழிலிலிருந்து ஒரு கேள்வியையும், தம் வீட்டிலிருந்து ஒரு கேள்வியையும் எழுதிக்கொண்டு சனிக்கிழமை மாலை வரட்டும். முதல் தாளை நாம் எழுதிவிட்டோம். அதில் கோயில்பிள்ளையின் கேள்விதான் இருக்கிறது.